குரலைப் பறிகொடுத்த உலகம்

அன்பர்களே, ஆப்கானிஸ்தான் எழுத்தாளர் அதீக் ரஹீமியைப் பற்றிப் பேச வந்த நான் ஓர் ஆப்பிளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவருடைய ‘சாம்பலும் மண்ணும்’ குறுநாவலில் பேரன் பசிக்கிறது என்கிறான். தாத்தா தஸ்தகீர் மூட்டையிலிருந்து ஆப்பிளை எடுத்துத் தன் சட்டையில் துடைக்கிறார். சட்டையெல்லாம் புழுதி. துடைக்கத் துடைக்க ஆப்பிள் இன்னும் அழுக்காகிறது. சோவியத் குண்டுவீச்சில் அவர்கள் ஊரே அழிந்துவிட்டது என்பது நமக்கு அப்புறம்தான் தெரியவருகிறது.

பேரன் யாசினுக்குக் காது போய்விட்டது. அது அவனுக்குத் தெரியாது. ரஷ்யர்கள் வந்து எல்லோருடைய குரலையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைக்கிறான். குடும்பம் மாண்ட செய்தியைச் சுரங்கத்தில் வேலை செய்யும் மகனிடம் சொல்லப் போகிறார் கிழவர். எப்படிச் சொல்வது? கதை அவ்வளவுதான். ‘நீ எடுக்கிறாய், நீ துடைக்கிறாய்’ என்று கிழவரையே முன்னிலையில் வைத்து எழுதியிருக்கிறார். படிக்கிற நம் கையில் அந்த மூட்டையைக் கொடுத்துவிடுகிறார்.

ரஹீமி 1962இல் காபூலில் பிறந்தவர். 1984இல் நாட்டைவிட்டு வெளியேறி, பாகிஸ்தான் வழியாக பிரான்சில் தஞ்சம் புகுந்து, அங்கே சினிமா படித்தார். இந்தக் கதையை அவரே படமாக்கினார். 2004இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது. சினிமாவில் ‘நீ’ என்று எழுத வழியில்லை. படத்தைவிட நாவல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது என்பேன். நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், சரி.

2008இல் நேரடியாக பிரெஞ்சில் எழுதிய முதல் நாவலான ‘சங்-எ-சபூர்’ பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூரைப் பெற்றது. பாரசீக வழக்கில் ‘சங்-எ-சபூர்’ என்றால் பொறுமைக் கல். துயரத்தையெல்லாம் அதனிடம் கொட்டினால் வாங்கிக்கொண்டே இருக்கும்; ஒருநாள் வெடித்துவிடும். நாவலில் கழுத்தில் குண்டு பாய்ந்து நினைவின்றிக் கிடக்கும் கணவன்தான் அந்தக் கல். அவனிடம் மனைவி தன் உடலை, ஆசையை, ரகசியங்களை முதல்முறையாகப் பேசுகிறாள். இதைத் தாய்மொழியில் எழுத முடியாமல் போனதற்கு ரஹீமி சொல்லும் காரணம் எனக்குச் சுருக்கென்று தைத்தது: எதையெல்லாம் பேசக்கூடாது என்று நாம் கற்பதும் தாய்மொழியில்தானே!

2012இல் அதையும் அவரே படமாக்கினார். நாயகி, ஈரானிய நடிகை கொல்ஷிஃப்தே ஃபராஹானி. நாவலில் பிரெஞ்சு பேசிய அந்தப் பெண், திரையில் பாரசீகம் பேசுகிறாள்.