மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த படம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தொலைக்காட்சியின் வரலாற்றை வானொலியில் வந்து பேசும்படி அழைத்தார்கள். முதலில் சற்றுத் தயங்கினேன். பிறகு யோசித்தால், பொருத்தமான இடம்தான். தூர்தர்ஷன் வானொலியின் வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. 1959 செப்டம்பர் 15 ஆம் நாள் டெல்லியில் சிறிய ஒளிபரப்புக் கருவி ஒன்றையும் அவசரத்துக்கு அமைத்த நிலையம் ஒன்றையும் வைத்துக்கொண்டு, யுனெஸ்கோவின் உதவியோடு, வாரத்துக்கு இரண்டு நாள் என்று சோதனையைத் தொடங்கியது அகில இந்திய வானொலிதான். 1965 இல் அது அன்றாட ஒளிபரப்பாயிற்று. 1972 இல் பம்பாய்க்கு வந்தது. 1976 ஏப்ரல் 1 ஆம் நாள்தான் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பாயிற்று.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் பெயர்களை வரிசையாக அடுக்குவார்கள். நான் வேலூரில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்தவன். மாலை வேளைகளில் நண்பர் ஒருவரின் கடையில் டிவி பழுது பார்த்தவன். தூர்தர்ஷனின் வரலாறு என்றால் எனக்கு அலை எந்த ஊர் வரை எட்டியது, எந்தத் தெருவில் நின்றுபோனது என்பதுதான்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வேலூர் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர். மத்திய அலை வானொலி நிலத்தின் வளைவை ஒட்டி ஊர்ந்து வந்துவிடும். தொலைக்காட்சி அலையோ ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்லும், அடிவானத்தைத் தாண்டினால் வேகமாக வலுவிழந்துவிடும். ஆகவே அரக்கோணத்தில் ஓரளவு ஒழுங்காகத் தெரிந்த படம் எங்களை வந்து சேரும்போது வெறும் புள்ளியும் கோடுமாக இருந்தது. போதாக்குறைக்கு எங்கள் ஊரின் மலைகள். கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் அந்தக் குன்றுகள் பகைவரைத் தடுத்தனவோ இல்லையோ, சென்னையிலிருந்து வந்த அலையைக் குறை வைக்காமல் தடுத்தன. பாலாற்றுக்கு அக்கரையில் காட்பாடிப் பக்கம் திறந்தவெளியாக இருந்த வீடுகளுக்குக் கிடைத்த படம், மலையடிவாரத் தெருக்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் பாறையில் பட்டுத் திரும்பிய அலை ஒரு கணம் பிந்தி வந்து சேரும். செய்தி வாசிப்பவரின் வலப்புறம் அவருடைய நிழலே இன்னொருவராக உட்கார்ந்திருக்கும்.

அதற்கு மருந்து ஆன்டெனாவின் உயரம்தான். இருபதடி இரும்புக் குழாய் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் மீன் முள் போன்ற அலுமினியக் குச்சிகளைப் பொருத்தி, அங்கேயே அலையின் வலுவைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றையும் வைத்து, இரண்டு இழை கொண்ட பட்டை வயரைச் சன்னல் வழியாக உள்ளே இறக்குவோம். நான் மாடியில் குழாயைக் கட்டிப் பிடித்திருப்பேன். வீட்டுக்காரர் உள்ளே பெட்டியின் முன் நிற்பார். நடுவில் படிக்கட்டில் அவர் மகன். “சார், ஆள் வந்துட்டாரு, கலங்கலா இருக்காரு” என்று அவன் கத்துவான். அரை விரல் திருப்பினால் ஆள் தெளிவார். மரையை முடுக்கும்போது குழாய் தானாகவே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், ஆள் போய்விடுவார். ஒரு வீட்டில் இதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிருக்கிறது. மாலையில் திரைப்படம் தொடங்கியபோது படம் மறைந்து ஒலி மட்டும் நின்றது. அந்தக் குடும்பம் எழுந்து போகாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் ‘ஒலியும் ஒளியும்’ வரும்போதும் எங்களுக்குப் பல நாள் ஒலிதான், ஒளி வேலூர் வரை வராது. அந்த ஆண்டுகளில் இத்தகைய படத்துக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அது 1985 இல்தான் நீக்கப்பட்டது.

தரையில் நின்ற கோபுரங்களை மட்டும் நம்பினால் இவ்வளவு பெரிய நாட்டை எட்ட முடியாது என்பது டெல்லிக்கு முன்பே தெரிந்திருந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம் அமெரிக்காவின் ஏடிஎஸ் 6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் அனுப்பிப் பார்த்தார்கள். ஆந்திரமும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. எல்லையோரத்தில் வாழும் வட ஆற்காட்டுக்காரனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். 1982 ஆகஸ்ட் 15 இல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடக்கவிருந்ததே அந்த அவசரத்துக்குக் காரணம். அந்த ஆண்டு ஏவிய இன்சாட் 1ஏ செயற்கைக்கோள் சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் ஏவிய இன்சாட் 1பி நிலைத்தது. அடுத்த ஆண்டில் நாளுக்கு ஒன்று என்று சொல்லும் வேகத்தில் சிறு ஒளிபரப்பு நிலையங்களை நாடெங்கும் நட்டார்கள்.

இங்கேதான் என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. அந்தச் சிறு நிலையங்கள் செயற்கைக்கோளிலிருந்து வாங்கிக் கொடுத்தது டெல்லியின் ஒளிபரப்பை. அதனால் சென்னைக் கோபுரத்தின் எல்லைக்கு வெளியே இருந்த தமிழ் ஊர்களில் இந்தி துல்லியமாகத் தெரிந்தது, தமிழ் தெரியவே இல்லை. ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் 1984 ஜூலையில் தொடங்கியது. ‘ராமாயண்’ 1987 ஜனவரியிலிருந்து ஒன்றரை ஆண்டு ஞாயிறு காலைகளில் வந்தது. மொழி புரியாவிட்டாலும் கதை தெரிந்ததால் ராமாயணத்தைப் பார்த்தார்கள். உழவருக்காகச் சென்னை தயாரித்த ‘வயலும் வாழ்வும்’ யாருக்குத் தேவையோ, அந்த உழவரில் பெரும்பாலோர் சென்னை அலை எட்டாத ஊர்களில் இருந்தார்கள். தமிழ் வேண்டும் என்றவர்கள் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்று கிழக்கு நோக்கிய குழாயை இறக்காமல் வைத்திருந்தார்கள். இந்தித் திணிப்பு என்று மேடையில் பேசியவர்கள் பலர். அதில் பாதி, கோபுரங்களை எந்த வரிசையில் நடுவது என்று எடுத்த ஒரு பொறியியல் முடிவின் விளைவு என்பதை அன்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1990களின் தொடக்கத்தில் கேபிள் தெருவுக்குள் வந்தது. 1993 இல் தனியார் தமிழ் அலைவரிசையும் வந்தது. ஆன்டெனா கட்டுவதற்கு என்னை அழைப்பது நின்றது. 1997 நவம்பரில் பிரசார் பாரதி என்ற பொது ஒளிபரப்பு அமைப்பு அமைந்து வானொலியும் தொலைக்காட்சியும் மீண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. பொதிகை என்று நாம் அழைத்த அலைவரிசை 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் ஆயிற்று. நான் பாடம் நடத்திய அந்தப் பழைய தரைவழி ஒளிபரப்புக் கருவிகளையோ, மிகச் சிலவற்றைத் தவிர, 2022 க்குள் நாடெங்கும் நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையில் சிறு செய்தியாக வந்தது. எங்கள் தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கிய கட்டணமில்லாத நேரடிச் சேவை மட்டும் இன்றும் தட்டு ஆன்டெனா வைத்தவர் வீட்டுக்கு வருகிறது. சென்ற மாதம் மலையடிவாரத்தில் வசிக்கும் பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டுத் தட்டைச் சரிசெய்ய என்னை மாடிக்கு அழைத்துப் போனார். வேலூரிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் நிற்கிறது. எதிரே அதே மலை. ஒரு காலத்தில் அந்த வீட்டின் மாடியில்தான் இருபதடிக் குழாய் இரண்டை நட்டும் படம் வராமல் இறங்கிப் போனேன். இப்போது தட்டைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன்; மலையின் தலைக்கு மேலாகவே படம் வந்து இறங்கிவிட்டது. கீழேயிருந்து அவர் பேரன் கத்துவான் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். அவன் கைப்பேசியில் செய்தி அனுப்பியிருந்தான்: “வந்துடுச்சு தாத்தா.”

நன்றி, வணக்கம்.