செச்னியாவில் போர், தத்தாரிஸ்தானில் ஏன் இல்லை?

சரி, அடுத்த கேள்வி. "செச்னியாவைப் போலவே தத்தாரிஸ்தானும் இறையாண்மை கேட்டதே, அங்கே மட்டும் ஏன் குண்டு விழவில்லை, அங்கே ஒரே ஆள் எப்படி 19 வருடம் தலைவராக இருந்தார்?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

செச்னியா, தத்தாரிஸ்தான் இரண்டும் ரஷ்யாவுக்குள் இருக்கும் குடியரசுகள். தத்தாரிஸ்தான் தத்தார் இன மக்களின் பெயரால் அமைந்தது. அங்கே அப்படி இருந்த தலைவர் பெயர் மின்திமேர் ஷைமியேவ். 1937இல் ஒரு தத்தார் கிராமத்தில் பிறந்தவர், விவசாயக் கல்லூரியில் படித்த பொறியாளர், சோவியத் காலத்தில் பல வருடம் பாசன அமைச்சர், 1989இல் அங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர். அப்படி வளர்ந்த ஆள் என்பதால் 1991 ஆகஸ்டில் சோவியத் தலைவர் கொர்பச்சேவைக் கவிழ்க்கச் சதி நடந்தபோது சதிகாரர்கள் பக்கம் சாய்ந்தார். சதி மூன்றே நாளில் தோற்றது. ஆனாலும் இவர் நாற்காலி போகவில்லை. அந்த ஜூனில்தான் மக்கள் ஓட்டுப் போட்டு தத்தாரிஸ்தான் ஜனாதிபதி ஆகியிருந்தார், அவரைத் தூக்கினால் தலைநகர் கசானின் தெருக்களில் தனிநாடு கேட்டு நின்றவர்களுக்குத்தான் லாபம்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். செச்னியாவுக்கு ஜார்ஜியா என்ற வேறு நாட்டோடு எல்லை இருக்கிறது. தத்தாரிஸ்தானைச் சுற்றி நாலு பக்கமும் ரஷ்யாதான். மக்களிலும் அப்போது தத்தார்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, ரஷ்யர்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல். 1992 மார்ச் 21 வாக்கெடுப்பில் அவர் கேட்ட கேள்வியைக் கவனித்தால் இந்தக் கணக்கு தெரியும். தத்தாரிஸ்தான் இறையாண்மை உள்ள அரசு, ரஷ்யாவோடு சமமான ஒப்பந்த அடிப்படையில் உறவு வைக்கும், சம்மதமா என்றுதான் கேட்டார்கள். பிரிவது என்ற வார்த்தையே அதில் கிடையாது! 61 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பத்து நாள் கழித்து மாஸ்கோவில், ரஷ்யாவுக்கும் அதன் குடியரசுகளுக்கும் இடையிலான கூட்டாட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவை செச்னியாவும் தத்தாரிஸ்தானும் மட்டும்தான். அப்புறம் எண்ணெய் யாருக்கு, வரியில் எவ்வளவு என்று பேசிப் பேசியே 1994 பிப்ரவரி 15இல் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சினோடு தனி ஒப்பந்தம் போட்டார். அதே வருடம் டிசம்பரில் ரஷ்ய டாங்கிகள் செச்னியாவுக்குள் போயின.

போரைத் தவிர்த்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1996 தேர்தலில் எதிர்த்து நிற்க ஒருவர்கூட இல்லாமல் 97 சதவீதம் வாங்கினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். புதின் வந்த பிறகு ஆளுநர்கள், குடியரசுத் தலைவர்கள் ஆகியோருக்கான தேர்தலையே எடுத்துவிட்டார்கள். 1991இல் மக்கள் தேர்ந்தெடுத்தவர் 2005இல் புதின் பரிந்துரையில் தொடர்ந்தார். 2010 மார்ச்சில் இறங்கினார்.

அந்த 1994 ஒப்பந்தம் 2007இல் மெலிந்து புதுப்பிக்கப்பட்டது, 2017இல் காலாவதியானது, மறுபடி போடவில்லை. அதே வருடம் பள்ளிகளில் தத்தார் மொழி கட்டாயப் பாடம் என்பதும் போய், பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் வகுப்பு என்று ஆனது. எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது இந்த இடத்தில்தான்.