பெயருக்கு ஓர் உடல் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

1932ஆம் ஆண்டு. பெர்முடா தீவையொட்டிய கடலில், கம்பிவடத்தில் தொங்கும் எஃகுக் கோளத்துக்குள் உட்கார்ந்து கீழே இறங்கினார் வில்லியம் பீபி என்ற அமெரிக்க இயற்கையியலாளர். சின்ன ஜன்னல் வழியே, ஆளுயரத்துக்கு இரண்டு மீன்கள் கடந்துபோனதைப் பார்த்தார். அவற்றின் விலாவில் வரிசையாக விளக்குகள் ஒளிர்ந்தனவாம். மேலே வந்ததும் அந்த மீனுக்கு 'பாதிஸ்ஃபேரா இன்டாக்டா' என்று பெயரும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அப்படி ஒரு மீன் யாருக்கும் அகப்படவில்லை. பீபி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. பெயர் இருக்கிறது, மீனைக் காணோம்.

ஆழ்கடலில் புதிய மீன் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் அதன் படத்தைத்தான் பார்க்கிறோம். அந்தச் செய்தியை உண்மையாக்குவது ஏதோ ஓர் அருங்காட்சியக அலமாரியில், ஆல்கஹால் நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் கிடக்கும் ஓர் உடல். விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டு விதிகள், பெயருக்கு ஆதாரமான அந்த ஒற்றை உடலை 'வகைமாதிரி' என்று தனியே குறித்து, அது எங்கே பாதுகாக்கப்படுகிறது என்றும் அறிவிக்கச் சொல்கின்றன. ஐயம் வந்தால் நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் அதை எடுத்துப் பார்க்க முடியும்.

மரியானா அகழியில் கிடைத்த நத்தைமீனின் கதையைச் சொன்னால் இது விளங்கும். பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், குவாம் தீவுக்கு அருகே கடலடியில் இருக்கிற நீண்ட பள்ளம் அது. உலகக் கடல்களிலேயே ஆழமானது. 2014இல் அங்கே போன ஆய்வுக் குழு, கானாங்கெளுத்தியை இரையாக வைத்த பொறிகளை எடை கட்டிக் கடலில் விட்டது. பொறி அடியைத் தொடவே நான்கு மணி நேரம் ஆகும். பல மணி நேரம் காத்திருந்து, கப்பலிலிருந்து ஒலிச் சைகை அனுப்பினால் எடை கழன்றுகொள்ளும், மிதவைகள் பொறியை மேலே தூக்கிவரும். அப்படி வந்தவை இளஞ்சிவப்பு நிறத்தில், செதிலே இல்லாமல், தோல் வழியே உள்ளுறுப்பு தெரிகிற மென்மையான மீன்கள். 2017 வரை 37 மீன்கள் சேர்ந்தன. ஏறத்தாழ 6,900 மீட்டரிலிருந்து 7,966 மீட்டர் வரையான ஆழத்தில் பிடிபட்டவை.

பிடித்தாயிற்று. புதிய இனம்தானா என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் பொறுமை தேவைப்படும் வேலை தொடங்குகிறது. நத்தைமீன் குடும்பத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஜப்பானை ஒட்டிய அகழிகளிலும், நியூசிலாந்துக்கு வடக்கே உள்ள கெர்மடெக் அகழியிலும் இதன் நெருங்கிய உறவுகள் வாழ்கின்றன. முதுகெலும்பில் எத்தனை கணு, துடுப்பில் எத்தனை கதிர், வயிற்றுப்புற ஒட்டுவட்டு எவ்வளவு பெரியது, தலையில் உணர்வுத் துளைகள் எங்கெங்கே என்று ஒவ்வொன்றாக எண்ணி, அளந்து, முன்பே பெயர்பெற்ற இனங்களோடு ஒப்பிட வேண்டும். இந்தக் குடும்பத்தில் துடுப்புக் கதிர்கள் கூழ் போன்ற திசுவுக்குள் புதைந்து கிடப்பதால் அவற்றை வெறும் கண்ணால் எண்ணுவது எளிதல்ல. அதனால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்போடு, ஒரு மீனின் வயிற்றில் அது விழுங்கிய சிறு ஓட்டுயிரியும் அந்தப் படத்தில் தெரிந்தது. டி.என்.ஏ.வும் இது தனி இனம் என்றது. மெக்கென்சி கெரிங்கர், தாமஸ் லின்லி முதலானோர் 2017 நவம்பரில் விவரணையை வெளியிட்டார்கள். பெயர்: சூடோலிபாரிஸ் ஸ்வைரி.

பெயரில் வரும் ஸ்வைர் என்பவர் 1870களில் உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலில் இருந்த வழிகாட்டு அதிகாரி. 1875 மார்ச்சில் அந்தக் கப்பல்தான் இந்த அகழியில் கயிறு விட்டு, 4,475 பாகம் என்று முதன்முதலில் ஆழம் பார்த்தது. எட்டாயிரம் மீட்டருக்கும் மேல்! நம் மீனவர்கள் இன்றும் எண்ணுகிற அதே பாகக் கணக்கு, ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி.

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதிப்பது பெயர் பெற்ற மீன் அல்ல. அதே 2014 பயணத்தில், 8,145 மீட்டரில் இன்னொரு மீன் கேமராவில் பதிவானது. நாய்க்குரிய முகம்போல நீண்ட மூக்கு, காற்றில் ஆடும் மெல்லிய துணிபோன்ற துடுப்புகள். இன்னும் ஆழத்தில் வாழ்வது, இன்னும் விசித்திரமானது. ஆனால் பொறியில் சிக்கவில்லை. ஆகவே 2017இல் மற்றதற்குப் பெயர் கிடைத்தபோதும் இதற்குக் கிடைக்கவில்லை. பீபியின் காலத்தைவிடப் பல மடங்கு தெளிவான படம் கையில் இருந்தும் ஆய்வாளர்கள் பெயர் வைக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உடல் கையில் இருந்தால் பெயரோடு நின்றுவிடுவதில்லை. சீன ஆய்வாளர்கள் 2019இல் இந்த ஸ்வைரி மீனின் மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். எலும்பைக் கெட்டிப்படுத்தும் ஒரு மரபணு அதில் பழுதாகியிருந்தது. மண்டையோடு முழுவதும் மூடாமல் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்கள். எண்ணூறு வளிமண்டல அழுத்தத்தில் ஓர் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்விக்கு, பொறியில் வந்த உடல்கள்தான் பதில் சொல்லத் தொடங்கியிருக்கின்றன.

நம் பக்கத்துக் கடலிலும் இந்த வேலை பழையது. இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக், வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் அரபிக் கடலிலும் ஆழ்கடல் மீன்களைச் சேர்த்து விவரித்தார். அவற்றின் பட்டியல் 1899இல் கல்கத்தாவில் அச்சானது. இன்றைக்குப் புதிய மீன் என்று சந்தேகிக்கிற எவரும் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போக முடியாது. கொல்லம் சக்திகுளங்கரா துறைமுகத்தில் கரைசேர்ந்த ஒரு சுறா, அண்மையில் 2024இல் ஸ்குவாலஸ் ஹிமா என்று பெயர் பெற்றது. ஆய்வுக் கப்பலே போகவில்லை, மீன்பிடிப் படகு கொண்டுவந்தது.

அதனால் ஆழ்கடல் இறால் மடி இழுக்கிறவர்களிடமும், சுறாத் தூண்டிலுக்குத் தொலைதூரம் போகிற தூத்தூர் பகுதி மீனவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அறியாத மீன் வந்தால் சங்காயத்தோடு, அதாவது விலைபோகாத கழிவு மீனோடு, கொட்டிவிடாதீர்கள். நிறம் வெளுக்கும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். வெட்டாமல் முழுதாக ஐஸில் வையுங்கள். மண்டபம், தூத்துக்குடி, விழிஞ்ஞம் ஆகிய ஊர்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையங்கள் உள்ளன. அங்கே ஒப்படைக்கும்போது வலை எந்த இடத்தில், எத்தனை பாகத்தில் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் உடலிலிருந்து எண்ணி எடுத்துக்கொள்ளலாம். அது ஒன்றை மட்டும் நீங்கள்தான் சொல்ல முடியும்.