வாலில் விரல் வைத்துப் படித்த பையன்

வணக்கம் நேயர்களே. 31 வருஷம் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்தவள் நான். மேல்வகுப்புக்குப் போங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்கள், போகவில்லை. அந்த ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். படம் வேறு, எழுத்து வேறு என்பது சின்னப் பிள்ளைக்குத் தானாகத் தெரியுமா, நாம் சொல்லித்தர வேண்டுமா?

இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். டைகர் விவகாரம் நடக்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஓர் அட்டையில் மேலே நாய் படம், கீழே கொட்டை எழுத்தில் 'நாய்'. முன்வரிசைப் பையன் ஒருவனை எழுப்பி, "படி" என்றேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு "டைகர்" என்றான். அது அவன் வீட்டு நாயின் பேர். வகுப்பே சிரித்தது. ரொம்பச் சிரித்த ஒருத்தியை எழுப்பினேன். அவனைத் திருத்துகிற ஆவேசத்தோடு எழுந்தவள், "இல்ல டீச்சர், அது மணி" என்றாள். அவள் வீட்டு நாய்! பின்னாலிருந்து இன்னொரு குரல்: "கடிக்கும் டீச்சர்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முதல் பையனைக் கூப்பிட்டேன். "ஏலே, எதப் பாத்துப் படிச்சே? விரல் வச்சுக் காட்டு." வந்தான், எக்கினான், நாயின் வாலில் விரலை வைத்தான்.

அந்த மூன்று பேரும் சொன்னதில் தப்பே இல்லை பாருங்கள். படத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லலாம். டைகர் எனலாம், மணி எனலாம், கடிக்கும் எனலாம். எழுத்து அதற்கு இடம் கொடுக்காது. நான் படித்தாலும் 'நாய்', நீங்கள் படித்தாலும் 'நாய்'. இது அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. 'படி' என்றால் எதைச் செய்யச் சொல்கிறேன் என்றே புரியாத பிள்ளையிடம் தினமும் 'படி, படி' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுச் சுவரில் அ அம்மா, ஆ ஆடு என்று ஒரு சார்ட் மாட்டியிருப்பீர்கள். அதில் உ-வுக்கு உரல். இன்றைக்கு எத்தனை வீட்டில் உரல் இருக்கிறது? என் பேத்தி அதை 'ஸ்டூல்' என்கிறாள். ஐ-க்கு ஐந்து பேர் நிற்பார்கள், ஐவராம். பிள்ளை 'மாமாங்க' என்னும். ஔவையாரைக் கண்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'ஆச்சி'. ஆக, ஔ என்ற எழுத்துக்கு 'ஆ' என்று ஓசை வந்துவிட்டது! அந்தச் சார்ட்டிலேயே வம்பில்லாத கட்டம் ஒன்றுதான். ஈ. எழுத்தும் ஈ, சொல்லும் ஈ, உட்கார்ந்திருப்பதும் ஈ. இப்படி ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. பூ, தீ, கை, வா, போ. நான் அட்டை எழுதத் தொடங்குவது இவற்றில்தான்.

கனடாவில் எல்லன் பியாலிஸ்டாக் என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தார். இரண்டு படம், ஒரு சொல் எழுதிய அட்டை. அட்டையில் இருப்பதைப் படித்துக் காட்டி, அதற்குரிய படத்தின் கீழே வைப்பார். அப்புறம் பொம்மைகளுக்குள் ஒரு சண்டை; அந்தக் கலாட்டாவில் அட்டை மற்றப் படத்தின் கீழே நகர்ந்துவிடும். இப்போது அதில் என்ன எழுதியிருக்கிறது? நாலு வயசுப் பிள்ளைகள் பலர் இரண்டாவது படத்தின் பேரைச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் பேத்தியிடம் இதைச் செய்து பார்க்கப் பொம்மைச் சண்டையெல்லாம் வேண்டியிருக்கவில்லை, ஃபேன் காற்றே போதுமாயிருந்தது. 'யானை' என்ற அட்டை பறந்துபோய் எறும்புப் படத்தின் கீழே விழுந்தது. "இப்ப என்ன?" "எறும்பு." யானைக்குக் கீழே எடுத்து வைத்தேன். "யானை." "அட்டை ஒண்ணுதானே கண்ணு?" "இடம் மாறிட்டுல்லா, ஆச்சி!"

சரி என்று 'எறும்பு' அட்டையையும் பக்கத்தில் போட்டு, இதில் யானை எது என்றேன். யோசிக்காமல் 'எறும்பு' அட்டையை எடுத்தாள். ஏன்? அதுதான் நீளம்! யானைக்கு இரண்டே எழுத்து, எறும்புக்கு நாலு. பெரிய உருவத்துக்குப் பெரிய சொல் என்று பிள்ளைகள் நினைப்பதை அர்ஜென்டினாவில் பிறந்த எமிலியா ஃபெரேரோ என்ற உளவியலாளரும் கண்டு எழுதியிருக்கிறார். மக்குத்தனம் இல்லை இது. எழுத்தையும் ஒரு படமாக எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும்.

நம் தமிழே இந்த விஷயத்தில் பிள்ளைகள் கட்சிதான். பழந்தமிழில் ஓவியத்தையும் எழுதினார்கள். கண்ணுக்கு மையும் எழுதினார்கள்; 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று குறள் 1285. பரிபாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறது. வருகிறவர்கள் ஒவ்வொரு படமாகச் சுட்டிக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் சுட்டிச் சொல்கிறார்கள், இவள் அகலிகை, இவன் கவுதமன் என்று. என் பையன் வாலில் விரல் வைத்தது எனக்கு அப்படியே... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்தானாம்.

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். கதைப் புத்தகம் வாசிக்கும்போது பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, அதுவும் கனடாவில், 2005-இல் வெளிவந்தது. கண் பெரும்பாலும் படத்திலேயே நின்றது. அதனால், வாசிக்கிற சொல்லின் கீழே உங்கள் விரல் ஓடட்டும். படத்தைக் கையால் மறைத்து 'இப்பப் படி பார்ப்போம்' என்று மிரட்டவே வேண்டாம். முதலில் படத்தைப் பற்றிப் பேசட்டும், டைகர், மணி எல்லாரும் வரட்டும். அப்புறம் 'இங்க என்ன எழுதியிருக்கு, பாப்போமா' என்று விரலை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கென்று ஒரு பக்கம் தனியாக எழுதி வந்தேன், செல்போனைப் பற்றியும் ஒரு பக்கம். நேரமில்லை. தாய்மாருக்கு மட்டும் ஒன்று. பிள்ளையின் பேரைத் துண்டுத்தாளில் டீச்சரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பையில் ஒட்டுங்கள், நாளைக்குக் கதவில், அதற்கடுத்த நாள் தண்ணீர்க் குடத்தில். ஒவ்வொரு தடவையும் 'இது என்ன?' என்று கேளுங்கள். பிள்ளை 'கதவு' என்று சொன்னால் சிரித்துவிட்டு மறுநாள் இடத்தை மாற்றுங்கள். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை போதும்.

கை காட்டிவிட்டார்கள். வணக்கம்.