லிங்க்கின் பெரிய கண்கள்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றி, காதால் கேட்பவர்களிடம் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் அசட்டுத் துணிச்சல்தான். பேசப்போவது ஒரு வீடியோ கேம்: 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: தி விண்ட் வேக்கர்'. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2002 டிசம்பரில், கேம்கியூப் என்ற கன்சோலுக்காக, அதாவது டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டிக்காக, வெளியிட்டது. அட்டையைப் பார்த்ததுமே "இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம்" என்று பெரியவர்கள் தள்ளிவைத்துவிடக்கூடிய கார்ட்டூன் தோற்றம். அந்தத் தோற்றம்தான் விளையாட்டின் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் கட்சி.

இந்தத் தொடர் 1986-லிருந்து வருகிறது. பச்சைச் சட்டை போட்ட நாயகன் லிங்க், இளவரசி செல்டா, வில்லன் கானன்டார்ஃப், ஹைரூல் என்ற நாடு. கதைக்குக் கதை காலமும் களமும் மாறும், இந்தப் பெயர்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும். 2000 ஆகஸ்டில், வரப்போகும் கேம்கியூபின் திறனைக் காட்டுவதற்காக நின்டெண்டோ ஒரு சிறு காட்சியைத் திரையிட்டது. வளர்ந்த ஆளாக லிங்க்கும் எதிரே கானன்டார்ஃபும், நிஜ மனிதர்களைப் போல, வாளோடு வாள் மோதினார்கள். அடுத்த கேம் இதுதான் என்று ரசிகர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து மேடைக்கு வந்ததோ, தலை பெருத்து, கால் குட்டையாகி, முகத்தில் பாதியைக் கண்களே பிடித்துக்கொண்ட ஒரு சின்னப் பையன். பலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றைக் கொடுத்தால் கோபம் வரத்தானே செய்யும்?

தயக்கம் நிறுவனத்துக்குள்ளேயும் இருந்தது. அந்தப் பையனை முதலில் வரைந்தவர் யோஷிகி ஹருஹானா. அந்த ஒரு படத்தைப் பார்த்த பிறகுதான் குழுவினருக்குப் புதுப்புது யோசனைகள் வரத் தொடங்கின என்று இயக்குநர் எய்ஜி அயோனுமா பின்னால் சொல்லியிருக்கிறார். தொடரை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவோ முதலில் முகம் சுளித்து, இதை எப்படி விற்கப்போகிறீர்கள் என்று கேட்டாராம்.

இந்தப் பாணிக்கு செல் ஷேடிங் என்று பெயர். முப்பரிமாண உருவம் ஒன்றின் மேல் வெளிச்சம் விழுந்தால், சாதாரணமாகக் கணினி அதைப் படிப்படியாக இருட்டாக்கிக்கொண்டே போகும். இங்கே அந்தப் படிகளை வெட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் ஒரு நிறம், நிழல் ஒரு நிறம், நடுவே பளிச்சென்று ஒரு கோடு. கையால் வரைந்த படம் எழுந்து நடப்பதுபோல் தெரிவது அதனால்தான். இதில் சின்னத் திருட்டுத்தனம் ஒன்றும் உண்டு. லிங்க்கின் முடி நெற்றியில் விழுந்து கண்ணை மறைக்கிற இடத்திலும், கண்ணும் புருவமும் முடிக்கு மேலாகவே வரையப்பட்டிருக்கும். உண்மையில் அப்படித் தெரிய வழியில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு அது உறுத்துவதே இல்லை.

அந்தக் கண்ணை எதற்காக இவ்வளவு காப்பாற்றினார்கள்? அதுதான் விஷயம். இருட்டான ஒரு அறைக்குள் லிங்க்கை நடத்திக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பக்கம் போகச் சொல்கிறீர்கள், அவன் தலையோ வேறு பக்கம் திரும்புகிறது. என்னடா பார்க்கிறான் என்று நீங்களும் பார்த்தால், அங்கே ஏற்றாத ஒரு தீப்பந்தம் இருக்கும், இல்லையென்றால் ஒரு எதிரி பதுங்கியிருப்பான். திரையில் அம்புக்குறி வரவில்லை, "இங்கே பார்" என்று எழுத்து ஓடவில்லை. பையனின் பார்வையே குறிப்பு. தத்ரூபமாகச் செய்த முகத்தில், அந்தக் காலத்துத் திரையில், இத்தனை சின்னக் கண் அசைவு யாருக்குத் தெரிந்திருக்கும்? பெரிதாக வரைந்ததால்தான் அது வேலை செய்கிறது.

காற்றுக்கும் இதே கணக்கு. இந்த விளையாட்டு முழுக்கக் கடல் பயணம், பாய்மரப் படகு. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று தெரியாமல் ஒன்றும் நடக்காது. அதனால் காற்றையே வரைந்துவிட்டார்கள்: வானத்தில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடிவந்து, நடுவில் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போகும். கேமின் பெயரில் வரும் 'விண்ட் வேக்கர்' என்ற மந்திரக் கோல், இசைக்குழு நடத்துநர் கையில் இருக்கும் சிறு குச்சிதான். தாளத்தோடு அதை வீசினால் காற்று திசை மாறும். வாள்வீச்சிலும் இசை உண்டு. ஒவ்வொரு அடி விழும்போதும், பின்னணியில் ஓடும் பாட்டோடு ஒட்டி ஒரு ஸ்வரம் அதிரும். இதை மட்டுமாவது உங்களுக்குப் போட்டுக்காட்டியிருக்கலாம், அனுமதி கிடைக்குமா என்று தெரியாததால் கேட்கவில்லை.

கார்ட்டூன் என்றால் சிரிப்பு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு நான் லிங்க்கின் பாட்டியைக் காட்டுவேன். ராட்சதப் பறவை ஒன்று லிங்க்கின் தங்கை ஆரிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அவளைத் தேடிக் கொள்ளையர் கப்பலில் கிளம்புகிறான். குடும்பக் கேடயத்தைப் பாட்டியே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். கப்பல் நகர, கரையில் அவள் நிற்க, இவன் கையை ஆட்டுகிறான், ஆட்டிக்கொண்டே இருக்கிறான். கொள்ளையர் தலைவி டெட்ரா கேலி பேசுகிற அளவுக்கு ஆட்டுகிறான். அப்புறம் அதே கப்பலிலிருந்து அவனை ஒரு பீப்பாய்க்குள் போட்டு எதிரியின் கோட்டைமேல் எறிவார்கள். அது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். இரண்டும் ஒரே முகம்தான்.

கானன்டார்ஃபுக்கும் கடைசியில் ஒரு பேச்சு உண்டு. அவன் பிறந்த நாட்டில் காற்று பகலில் சுட்டெரிக்கும், இரவில் குளிரைக் கொண்டுவரும், எப்படியும் சாவுதான். ஹைரூலில் வீசிய காற்று அப்படி இல்லை. அந்தக் காற்றுக்குத்தான் ஆசைப்பட்டேன் போலும் என்கிறான். விளையாட்டு முழுக்க வெள்ளைக் கோடாக நாம் பார்த்து ரசித்த அதே காற்று. பெரியவர்களுக்கான விளையாட்டுகள் என்று வருபவற்றில் இந்த அளவுக்கு நியாயம் பேசும் வில்லன்கள் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. வரைபடத்தில் 49 கட்டங்கள், பல கட்டங்களில் தீவு என்று சொல்ல ஒரு பாறைதான். படகு தன் பாட்டுக்குப் போகும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் சுகமாக இருக்கும், பிறகு கொட்டாவி வரும். கடைசிப் பகுதியில், ட்ரைஃபோர்ஸ் என்ற புனிதப் பொருளின் எட்டுத் துண்டுகளைக் கடலடியிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு எட்டு வரைபடங்கள், ஒவ்வொன்றையும் படித்துச் சொல்ல டிங்கிள் என்ற ஆசாமி 398 ரூப்பி கேட்பான், ரூப்பி என்பது விளையாட்டுக்குள் புழங்கும் பணம். இதை நான் எந்த வாதத்தாலும் காப்பாற்ற மாட்டேன். நின்டெண்டோவே 2013-ல் வீ யூ கன்சோலுக்கு மறுபதிப்பு வெளியிட்டபோது, வேகமான பாய் ஒன்றைச் சேர்த்து, வரைபடங்களை மூன்றாகக் குறைத்துவிட்டது.

அந்த மறுபதிப்பில் வெளிச்சத்தைக் கூட்டி, நிழல்களை மென்மையாக்கினார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கும். அதே காலத்தில் தத்ரூபம் தத்ரூபம் என்று வந்த பல விளையாட்டுகளை இன்று போட்டுப் பார்த்தால், முகங்கள் மங்கலாய், விரல்கள் கட்டையாய்த் தெரிகின்றன. அவை நிஜத்தோடு போட்டி போட்டன, அடுத்த கன்சோல் வந்ததும் தோற்றன. விண்ட் வேக்கர் அந்தப் போட்டிக்கே போகவில்லை.

2025 ஜூனிலிருந்து ஸ்விட்ச் 2 கன்சோலில், நின்டெண்டோவின் சந்தா சேவை வழியாக இது கிடைக்கிறது. புதிதாக ஆடப்போகிறவர்களுக்கு இரண்டு யோசனை. நடுவழியில் ஒருமுறை, விளையாட்டு சொல்லாவிட்டாலும், பாட்டி வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது குப்பியில் ஒரு தேவதையைப் பிடித்துக்கொண்டு போங்கள், ஏன் என்று அங்கே தெரியும். அப்புறம், ஸ்விட்ச் 2-ல் வருவது 2002-ன் பழைய வடிவம், டிங்கிளுக்கு எட்டு முறையும் பணம் கட்டியாக வேண்டும். தொடக்கத்தில் உங்கள் பையில் 200 ரூப்பிக்கு மேல் கொள்ளாது. பெரிய தேவதைகளைத் தேடிப் போய்ப் பையை முதலிலேயே பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.