அமைதியாக இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழில் 'அமைதி' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. சண்டை இல்லாத நிலைக்கும் அதுதான் பெயர். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் அதுதான். வகுப்பில் இரைச்சல் கூடினால் மேசையைத் தட்டி 'அமைதி, அமைதி' என்கிறோமே, அது.

மலைப்பொழிவில் இயேசு சொன்னதைப் பழைய மொழிபெயர்ப்பு 'சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்கிறது. அந்தப் 'பண்ணுகிறவர்கள்' எனக்கு மிகவும் பிடிக்கும். சமையல் பண்ணுவதுபோல, கையில் கறை படாமல் முடியாத வேலை என்று தோன்றும். சும்மா இருந்தவர்களைப் பற்றி அந்த வசனத்தில் பேச்சே இல்லை.

1963-ஆம் ஆண்டின் புனித வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்புதான் கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் அணு ஆயுதப் போரின் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தது. ஏப்ரல் 11, பெரிய வியாழன். திருத்தந்தை 23-ஆம் யோவானின் 'அவனியில் அமைதி' சுற்றுமடல் வெளியானது. கத்தோலிக்கர்களுக்கு மட்டுமல்ல, நல்மனம் கொண்ட எல்லோருக்கும் எழுதிய மடல். உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் ஆகிய நான்கின்மேல் அமைதியைக் கட்ட வேண்டும் என்கிறது. உண்மை முதலில் வருவதைக் கவனியுங்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. அமெரிக்காவின் பர்மிங்காமில் இனப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங் கைதானார். 'இந்தப் போராட்டம் இப்போது வேண்டாமே' என்று எட்டு வெள்ளையின மதகுருமார்கள் செய்தித்தாளில் அறிக்கை விட்டிருந்தார்கள். சிறைக்குள் வந்த அந்தத் தாளின் ஓரத்திலேயே கிங் பதில் எழுதத் தொடங்கினார். அவருக்கு வெறியர்களைவிட அதிக வருத்தம் தந்தவர்கள், நீதியைவிட ஒழுங்கைப் பெரிதாக நினைத்த மிதவாதிகள்தான்.

அந்த எட்டுப் பேரையும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் கலவரம் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் பழக்கம்தான்.

எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள், வேறொரு மதத்தினரைப் பற்றி ஒரு படம் வந்தது. பொய் என்று பார்த்ததும் தெரிந்தது. பழைய படம், வேறெங்கோ எடுத்தது. 'ஆமென்' என்று ஏழெட்டுப் பேர் போட்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். குழுவின் சமாதானம் கெட வேண்டாமே! அப்புறம் இரவு ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. போனை எடுத்து, 'இது உண்மையல்ல, தயவுசெய்து நீக்கிவிடுங்கள்' என்று எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்பினேன்.

இரண்டு பேர் உடனே குழுவை விட்டு வெளியேறினார்கள். படத்தைப் போட்டவர் போனில் கூப்பிட்டார். குரலில் நல்ல கோபம். "பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சொன்னேன். வெகுநேரம் பேசினோம். படத்தை அவர் நீக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் இன்னொரு படம் வந்தபோது, குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பி, "இது சரியா, பாருங்கள்" என்று கேட்டிருந்தார்.