ஊசி போட்ட தொடையில் மதமதப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

"ஊசி போட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது டாக்டர், இந்த இடம் இன்னும் என்னுடையது போலவே இல்லை" என்று தொடையைத் தட்டிக் காட்டுபவர்களிடம், நான் மருந்து எழுதும் பேனாவையே கொடுத்துவிடுவேன். பஞ்சால் வருடிக்கொண்டே போய், உணர்ச்சி மங்கும் இடங்களில் எல்லாம் புள்ளி வைக்கச் சொல்வேன். புள்ளிகளைச் சேர்த்தால், பெரும்பாலும் தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே அது இறங்காது.

இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி இறங்கும் ஒரு நரம்பின் எல்லை அது. தோலின் உணர்ச்சியைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை. எந்தத் தசையையும் அது அசைப்பதில்லை. அதனால்தான் தொடை மரத்திருந்தாலும் படியேற முடிகிறது. ஊசி முனை அதன் கிளையொன்றை உரசியிருக்கலாம், உள்ளே கட்டிய இரத்தம் அழுத்தியிருக்கலாம். இறுக்கமான பெல்ட்டும் இதே நரம்பை நசுக்கும் என்பதால், எல்லாப் பழியையும் ஊசி போட்டவர் மேல் போட நான் அவசரப்படுவதில்லை. மனநல மருத்துவர் சிக்மண்ட் பிராய்டுக்கும் இந்தத் தொடை மரப்பு இருந்தது. 1895இல் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அவருக்கு வந்தது ஊசியால் அல்ல.

நரம்பின் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களில் சரியாகும். இழையே அறுந்திருந்தால், அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். 10 சென்டிமீட்டருக்கு நூறு நாள்! நீரிழிவு இருந்தால் இன்னும் தாமதம். நடுவில் எறும்பு ஊர்வது போலவும் சுருக்கென்று தைப்பது போலவும் இருக்கும். நோய் முற்றுகிறதென்று பயந்து ஓடி வருவார்கள். பல சமயம் அது நரம்பு விழித்துக்கொள்ளும் அறிகுறி.

மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை மட்டும் வேண்டாம். சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும்.

படியிறங்கும்போது முழங்கால் மடங்குகிறது, நடக்கையில் பாதத்தின் முன்பகுதி தரையில் இழுபடுகிறது, ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது என்றால் கதையே வேறு. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். குறிப்பாகப் பிட்டத்தில் ஊசி போட்டிருந்தால் தாமதிக்காதீர்கள். அங்கே ஓடுவது காலையே இயக்கும் பெரிய நரம்பு.

மற்றவர்கள் அந்தப் பேனாக் கோட்டைக் கைப்பேசியில் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மறுபடியும் வரையுங்கள். மூன்று மாதமாகியும் வட்டம் சுருங்கவே இல்லை என்றால், அந்தப் படங்களோடு நரம்பியல் மருத்துவரிடம் வாருங்கள்.